புராஸ்டேட் அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிறுநீர்க் கட்டுப்பாடு

முதுமையில் ஆண்களுக்கு உண்டாகும் புற்றுநோய்களுள் புராஸ்டேட் சுரப்பியில் தோன்றுவதும் ஒன்றாகும். நோய் அச்சுரப்பியைத் தாண்டிப் பரவுவதற்கு முன்னரே கண்டறியப்பட்டால், சுரப்பி முழுவதையும் அறுத்து அகற்றுவது ஒரு சிகிச்சை முறை. கதிர்வீச்சுச் சிகிச்சை மற்றொரு முறை. அறுவைச் சிகிச்சை செம்மையாக நடைபெற்று நோயாளி வீடு திரும்பிய பின்னரும், பெரும்பாலோருக்கு ஓர் இடர் சில காலம் தொடர்கிறது. இருமும்போதும், தும்மும்போதும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போதும் சிறுநீர் தன் வசமின்றிக் கசிகிறது. இக்கசிவு எதிர்பார்க்கத்தக்கதே, பலருக்குச் சில மாதங்களில் பெரிதும் குறைந்துவிடுவதுமாகும். ஆயினும் இதனை முன்கூட்டியே அறிந்திராத ஒருவர், வெட்கத்தால் அதனை மறைத்து, நீர் அருந்துவதைக் குறைத்து, வீட்டை விட்டு வெளியே வராமல் ஒடுங்கிவிடுகிறார். புற்றுநோயினின்று மீண்டவர் இவ்வாறு கசிவினால் முடங்கிப்போவது தடுக்கக்கூடிய துன்பமாகும்.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும் அட்டப்பாடியிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகிய வட்டங்களிலும் தமிழ் பேசும் மக்கள் மிகுதியாக வாழ்கின்றனர். இவ்வெல்லைப் பகுதியினர் பெரிய சிகிச்சைகளுக்குக் கோயம்புத்தூர், மதுரை, தேனி, கோட்டயம் போன்ற ஊர்களுக்கோ, 1981-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ செல்கின்றனர். அறுவை நடப்பது நகரத்தில். உடல் தேறுவதோ தோட்டத்து லயத்திலும் கிராமத்து வீட்டிலும். மருத்துவமனையில் கொடுக்கப்படும் சீட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு, சுகாதாரப் பணியாளரிடமோ, அவ்வூர்த் தமிழ்ப் பள்ளி ஆசிரியரிடமோ வந்து சேருகிறது. அவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் இங்கு விளக்கப்படுகின்றன.

உறுப்பின் அமைப்பு

சிறுநீரகங்களிலிருந்து வரும் நீர் சிறுநீர்ப்பையில் சேருகிறது. பையின் அடியிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாய் தொடங்குகிறது. அக்குழாயின் மேற்பகுதியை ஒரு வளையம் போலச் சுற்றி அமைந்திருப்பதே புராஸ்டேட் சுரப்பி. இளமையில் அது பெரிய நெல்லிக்காய் அளவினதாக இருக்கும். வயது ஏற ஏறப் பலருக்குப் பருத்துவிடும்.

சிறுநீரை அடக்கி வைக்க இயற்கை இரு பூட்டுகளை அமைத்துள்ளது. ஒன்று, பையின் கழுத்தில் உள்ள உட்சுருக்குத்தசை. இது மனிதன் நினையாமலே தானாக இயங்குவது. உறக்கத்திலும் பை மூடியிருப்பது இதனால்தான். மற்றொன்று, புராஸ்டேட் சுரப்பிக்குச் சற்றுக் கீழே உள்ள வெளிச்சுருக்குத்தசை. இது மனிதனின் விருப்பப்படி இறுக்கவும் தளர்த்தவும் கூடியது. இதற்குத் துணையாக இடுப்பெலும்பின் அடிப்புறத்தில், கயிற்றுக் கட்டிலின் பின்னல் போல, முன்னிருந்து பின்வரை சில தசைகள் விரிந்துள்ளன. இவை இடுப்புத்தளத் தசைகள் எனப்படும்.

கசிவு ஏன் உண்டாகிறது?

சுரப்பியை முழுவதும் அகற்றும்போது அதனுள் சென்ற குழாயின் பகுதியும் உடன் நீக்கப்படுகிறது. பின்னர் பையின் கழுத்தைக் கீழ்க்குழாயின் நுனியுடன் இணைத்துத் தைக்கின்றனர். இதனால் உட்பூட்டின் வலிமை பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. இதுவரை இரண்டு பூட்டுகள் செய்துவந்த வேலையை இனி வெளிப்பூட்டு ஒன்றே செய்ய வேண்டியதாகிறது. அதுவும் அறுவையின்போது இழுபட்டு, வீங்கி, அதற்குரிய நரம்புகள் அயர்ந்த நிலையில் உள்ளது. வயிற்றினுள் அழுத்தம் ஏறும் கணத்தில் அதனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. சில துளிகள் வெளியேறிவிடுகின்றன.

இச்சுரப்பியை முழுமையாக அகற்றும் அறுவையை 1904-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் செய்தார். அதே நிறுவனத்தைச் சேர்ந்த பாட்ரிக் வால்ஷ், சுரப்பியை ஒட்டிச் செல்லும் நரம்புகளின் போக்கை ஆராய்ந்து, அவற்றைக் காத்து அறுவை செய்யும் முறையை 1982-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இன்று சிறு துளைகளின் வழியாகவும், இயந்திரக் கைகளின் துணைகொண்டும் அறுவை செய்யப்படுகிறது. முறைகள் எவ்வளவு திருந்தியிருப்பினும், முதல் சில வாரங்களில் கசிவு உண்டாவது வழக்கமாகவே உள்ளது.

கசிவு எல்லாம் ஒரே வகையன்று. இருமல், எடை தூக்கல் போன்ற அழுத்தத்தால் வருவது ஒரு வகை, இதுவே மிகுதி. சிறுநீர் கழிக்க வேண்டுமென்ற உணர்வு திடீரெனத் தோன்றி, கழிவறையை அடைவதற்குள் ஆடை நனைவது இரண்டாம் வகை. இணைத்துத் தைத்த இடம் தழும்பாகிச் சுருங்குவதால் தாரை மெலிந்து, பை நிறைந்து, ஓயாமல் சொட்டுவது மூன்றாம் வகை. மூன்றாம் வகை பயிற்சியினால் தீராது. மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

கசிவு இருப்பது நோய் திரும்பியதன் அடையாளம் அன்று என்பதை நோயாளிக்குத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். நோய் திரும்புகிறதா என்பதைக் குறித்த காலங்களில் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையே காட்டும்.

குழாய் இருக்கும் நாட்கள்

தைத்த இடம் ஆறும்வரை, பெரும்பாலும் 1 முதல் 2 வாரங்கள், சிறுநீர்ப்பையில் ஒரு மெல்லிய குழாய் விடப்பட்டிருக்கும். பலர் இக்குழாயுடனேயே வீடு திரும்புகின்றனர். போடிமெட்டு, குமுளி ஆகிய மலைச்சாலைகளில் வளைவுகள் பல; பயணம் நீண்டது. நீர் சேரும் பையை எப்போதும் இடுப்பிற்குக் கீழே இருக்குமாறு வைத்துக்கொள்ள வேண்டும். உயர்த்திப் பிடித்தால் வெளியேறிய நீர் மீண்டும் உள்ளே சென்று நோய்க்கிருமிகளைச் சேர்க்கும். குழாய் மடங்காமலும் இழுபடாமலும் தொடையில் ஒட்டி நிறுத்துதல் நலம். பையைத் தொடுமுன்னும் பின்னும் சோப்பினால் கை கழுவுதல் அவசியம்.

இங்கு முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. குழாய் தானாக வெளியே வந்துவிட்டாலோ, அடைத்துக்கொண்டாலோ, அருகிலுள்ள எவரையேனும் கொண்டு மற்றொரு குழாயைச் செலுத்தச் செய்தல் கூடாது. ஆறாத தையல் கிழியக்கூடும். உடனே அறுவை செய்த மருத்துவமனைக்குத் தெரிவித்து, அவர்கள் கூறியவாறு நடக்க வேண்டும். அம்மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைச் சீட்டின் மேற்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது, ஆசிரியர் செய்யக்கூடிய எளிய உதவியாகும்.

தசைப் பயிற்சி

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் என்பவர், பிள்ளைப்பேற்றுக்குப் பின் பெண்களுக்கு உண்டாகும் சிறுநீர்க் கசிவுக்கு இடுப்புத்தளத் தசைகளைப் பயிற்றும் முறையை 1948-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தாய்மார்களுக்காகத் தோன்றிய அம்முறையே பிற்காலத்தில் புராஸ்டேட் அறுவை செய்துகொண்ட ஆண்களுக்கும் பயன்படலாயிற்று. வீட்டிலுள்ள பெண்களுள் பலர் பேறுகாலத்திற்குப் பின் இத்தகைய கசிவை அறிந்தவர்களாதலால், அவர்களுக்கு இதை விளக்குவது எளிது.

முதலில் உரிய தசையை அறிதல் வேண்டும். வாயு பிரிவதை அடக்குவது போலவும், ஓடும் சிறுநீரை இடையில் நிறுத்துவது போலவும் உள்ளே இழுத்துப் பிடித்தால், ஆண்குறியின் அடிப்பகுதி சற்று உள்வாங்கும். விதைப்பை சிறிது மேலெழும். அவ்வாறு நிகழ்ந்தால் தசை சரியாக இயங்குகிறது என்பது பொருள். வயிறு இறுகுதல், தொடை நெருக்குதல், பிட்டம் கெட்டியாதல், மூச்சைப் பிடித்தல் ஆகியவை தவறான முறையின் அடையாளங்கள். தசையை அறிந்துகொள்வதற்காக ஓரிரு முறை சிறுநீரை இடையில் நிறுத்திப் பார்க்கலாம். அதையே பயிற்சியாகக் கொள்ளுதல் கூடாது. பை முழுவதும் காலியாகாமல் போகும்.

பயிற்சி வருமாறு: முழங்காலை மடித்து மல்லாந்து படுத்துக்கொண்டு, தசையை 5 விநாடி இறுக்கிப் பிடித்து, 5 விநாடி முற்றிலும் தளர்த்த வேண்டும். இவ்வாறு 10 முறை செய்வது ஒரு சுற்று. நாள்தோறும் காலை, பகல், இரவு என 3 சுற்றுகள் போதும். நாளடைவில் பிடிக்கும் நேரத்தை 10 விநாடியாக உயர்த்தலாம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சில முறை விரைவாக இறுக்கித் தளர்த்துதலும் தேவை. இருமலின்போது பயன்படுவது இவ்விரைவே. படுத்துப் பழகியபின் உட்கார்ந்தும், பிறகு நின்றும் செய்ய வேண்டும். தளர்த்துவதும் பயிற்சியின் பாகமாகும். ஓயாமல் இறுக்கிக்கொண்டே இருப்பவர்க்குத் தசை களைத்து, மாலையில் கசிவு மிகும்.

அறுவைக்கு முன்னரே பயிற்சியைக் கற்றுக்கொள்வது சிறந்தது. வலியும் வீக்கமும் இல்லாத அந்நிலையில் தசையை இனங்காணுவது எளிது. குழாய் உள்ளே இருக்கும் நாட்களில் பயிற்சியை நிறுத்தி, அது எடுக்கப்பட்டபின், மருத்துவர் கூறும் நாளில் மீண்டும் தொடங்குதல் வேண்டும்.

எண்ணிக்கையினும் மேலானது, வேண்டிய தருணத்தில் தசையைப் பயன்படுத்துதல். இருமுவதற்கு முன், தும்முவதற்கு முன், நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன், குடத்தைத் தூக்குவதற்கு முன், முதலில் பூட்டை இறுக்குக என்பதே விதி. சில வாரங்களில் இது பழக்கமாகிவிடும்.

ஆராய்ச்சி கூறுவது

பெல்ஜியம் நாட்டின் லூவென் நகரில் நடைபெற்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், வழிகாட்டுதலுடன் பயிற்சி செய்தவர்களுள் 100-க்கு 88 பேர் 3 மாதத்தில் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் நிலை அடைந்தனர். பயிற்சி பெறாத பிரிவில் 100-க்கு 56 பேரே அந்நிலை எய்தினர். ஓராண்டு கடந்தபின் இவ்வேறுபாடு மிகக் குறைந்துவிட்டது. ஆகவே பயிற்சியின் பயன் முதன்மையாகக் குணத்தை விரைவுபடுத்துவதில் உள்ளது எனலாம்.

2011-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான பெரியதோர் ஆய்வு வேறொரு செய்தியைக் காட்டிற்று. சிகிச்சையாளர் ஒருவர் தனித்தனியே பலமுறை சந்தித்துக் கற்பித்தவர்களுக்கும், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கும் ஓராண்டின் முடிவில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. இரு பிரிவினருள்ளும் பலருக்குச் சிறிதளவேனும் கசிவு எஞ்சியிருந்தது. இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, ஒரு துளியும் கசியாத முழு வறட்சியை எவருக்கும் உறுதி கூறுதல் தகாது. இரண்டாவது, நகரத்துச் சிகிச்சையாளரிடம் அடிக்கடி செல்ல இயலாத மலைவாழ் நோயாளி அதற்காக மனம் தளர வேண்டியதில்லை.

நீரும் தேநீரும்

கசிவுக்கு அஞ்சி நீரைக் குறைப்பதே மிகவும் பரவலான தவறாகும். நீர் குறைந்தால் சிறுநீர் செறிவடைகிறது. அது பையின் உட்புறத்தை உறுத்தி, அடிக்கடி கழிக்கும் உணர்வை மிகுவிக்கிறது. கிருமித்தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் அதுவே காரணமாகிறது. கோடையில் பாலக்காட்டுக் கணவாயின் வெயில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறும் காலத்தில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதிகளில் வயல் வேலை செய்பவர் நீர் அருந்தாமல் இருப்பது பேராபத்து. இதயம் அல்லது சிறுநீரக நோய் காரணமாக மருத்துவர் தடுத்திருந்தாலொழிய, நாளொன்றுக்கு 1½ முதல் 2 லிட்டர் நீர் தேவை. வெயிலில் உழைப்பவர்க்கு இன்னும் மிகுதியாக வேண்டும். சீரகம் இட்டுக் காய்ச்சிய நீரும் இதில் அடங்கும். பகலில் சிறிது சிறிதாகப் பருகி, படுக்கைக்கு 2 மணி நேரத்திற்கு முன் குறைத்துக்கொண்டால் இரவில் தொல்லை குறையும்.

மலைப்பகுதியின் நிலை வேறு. மூணாறு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சனவரி மாதக் காலைகளில் அங்கு உறைபனி விழுவதுண்டு. குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் உடலின் உட்பகுதிக்கு மிகுதியாகச் செல்வதால் சிறுநீரகங்கள் அதிக நீரைப் பிரிக்கின்றன. ஆகவே குளிர்காலத்தில் கசிவு சற்று மிகுந்தால், குணம் பின்வாங்கியது என்று கலங்க வேண்டியதில்லை. இடுப்பையும் கால்களையும் வெதுவெதுப்பாக மூடி வைத்தல் உதவும்.

தேயிலையில் உள்ள காஃபின் என்னும் பொருள் சிறுநீர்ப்பையைத் தூண்டவல்லது. தேயிலைத் தோட்டத்தில் வாழ்பவரிடம் தேநீரை அறவே விடுமாறு கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாது. கடுப்பாகப் பருகும் கட்டன் சாயாவைத் தவிர்த்து, நாளைக்கு இரண்டு குவளை மெல்லிய தேநீருடன் நிறுத்தி, மாலைக்குப் பின் பருகாதிருத்தல் போதுமானது. காப்பிக்கும் இதுவே பொருந்தும். கள்ளும் மதுவும் தூண்டுவதோடு கட்டுப்பாட்டையும் தளர்த்துவனவாதலால் விலக்கத்தக்கன.

மலச்சிக்கலில் முக்குதல் தசைகளை நலிவிக்கும். கீரை, வாழைத்தண்டு, பயறு, பழங்கள் ஆகியவற்றை உணவில் சேர்த்தல் நன்று. புகைப்பவர்க்கு இருமல் ஓயாது. இருமல் ஓயாதவர்க்குக் கசிவும் ஓயாது.

துணியும் தோலும்

கடைகளில் ஆண்களுக்கான உறிஞ்சு பட்டைகள் கிடைக்கின்றன. வாங்க இயலாதவர் பழைய பருத்தி வேட்டியைப் பல மடிப்பாக மடித்து, இறுக்கமான உள்ளாடையினுள் வைத்துக்கொள்ளலாம். ஈரமானவுடன் மாற்றி, சோப்பிட்டு அலசி, வெயிலில் உலர்த்த வேண்டும். இடுக்கியின் மழைக்காலத்தில் துணி எளிதில் உலராது; அரைகுறையாக உலர்ந்த துணியில் பூஞ்சை வளரும். ஆதலால் கூடுதல் துணிகளைச் சேமித்து வைத்து, இஸ்திரிப் பெட்டியால் காயவைத்துப் பயன்படுத்துதல் நலம். நனைந்த இடத்தை வெறும் நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசலின் அல்லது துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லிதாகப் பூசினால் தோல் வெந்துபோகாது.

நீண்ட பேருந்துப் பயணத்திற்கு உறைபோல் மாட்டிக் குழாயுடன் இணைக்கும் சாதனம் உதவக்கூடும். அதை நாள் முழுவதும் அணிந்திருந்தால் தசைக்கு வேலையில்லாமல் போகும். வெளியிலிருந்து குறியை இறுக்கும் கவ்விகளை மருத்துவர் சொல்லாமல் பயன்படுத்துதல் கூடாது. தவறாகப் பயன்படுத்தினால் இரத்த ஓட்டம் தடைப்படும்.

வேலைக்குத் திரும்புதல்

அறுவைக்குப் பின் ஏறத்தாழ 6 வாரங்கள் பளுவான எடையைத் தூக்குதல் கூடாது. மெதுவாக நடப்பது முதல் நாட்களிலிருந்தே நல்லது. அதன் பின்னரும் வேலைகளைப் படிப்படியாகவே ஏற்க வேண்டும். முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து தெளித்தல், கவாத்து வெட்டுதல், ஏலக்காய் மூட்டை சுமத்தல், பனையும் தென்னையும் ஏறுதல் ஆகியவை வயிற்றழுத்தத்தை மிகுதியாக ஏற்றுவன. இவற்றுக்கு மருத்துவரின் இசைவு தேவை. தோட்டத்தில் மேற்பார்வையாளரிடம், “கழிவறைக்கு அருகிலுள்ள இலகுவான வேலை” என்று மட்டும் கேட்டால் போதும். காரணத்தை எல்லோரும் அறிய வேண்டுவதில்லை.

உடனே மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

குளிருடன் கூடிய காய்ச்சல், சிறுநீரில் இரத்தக்கட்டிகள், சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொள்ளுதல், தாரை நாளுக்கு நாள் மெலிதல், குறைந்துவந்த கசிவு திடீரென மிகுதல் ஆகியவை தோன்றினால் காலம் தாழ்த்தலாகாது. ஒரு காலின் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சுத் திணறினாலும் அது இரத்தம் உறைந்ததன் குறியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

6 மாதம் முதல் ஓராண்டு வரை முயன்றும் நாள்தோறும் பல துணிகள் நனையுமாயின், அதையும் விதி என்று ஏற்க வேண்டியதில்லை. திடீர் உணர்வினால் வரும் கசிவுக்கு மருந்துகள் உள்ளன. அழுத்தத்தால் வருவதற்கு, குழாயைத் தாங்கும் நாடாவைப் பொருத்தும் அறுவை உண்டு. கசிவு மிகுதியாயின் செயற்கைச் சுருக்குவளையம் பொருத்தப்படுகிறது. இதன் முன்னோடியை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிராண்ட்லி ஸ்காட் உருவாக்கினார். நீர் நிறைந்த ஒரு வளையம் குழாயைச் சுற்றி அழுத்துகிறது. விதைப்பையினுள் உள்ள சிறு பம்பை விரலால் அழுத்தினால் வளையம் தளர்ந்து சிறுநீர் வெளியேறும். சில நிமிடங்களில் தானாகவே மூடிக்கொள்ளும்.

பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடியது

கேரளத்தில் 1993-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புச் சங்கத்தின் பணி, அண்டை அயலார் பங்குகொள்ளும் வீட்டுப் பராமரிப்பாக விரிந்தது. 2008-இல் மாநில அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சி மன்றங்களின் துணையுடன் செவிலியர் வீடு தேடிச் செல்லும் ஏற்பாடு பரவிற்று. இவ்வாறு வீட்டுவாயிலை எட்டும் பணியாளர், மருந்துகளைப் பற்றி விசாரிப்பதோடு கசிவைப் பற்றியும் கேட்பது கடமையாகும். நோயாளி தானாகச் சொல்லமாட்டார். “இந்த அறுவைக்குப் பிறகு பலருக்கும் ஒன்றுக்குச் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்பார்கள், உங்களுக்கு எப்படி, ஐயா?” என்று தனிமையில் கேட்டால், பதில் கூறுவது எளிதாகும். பெண் பணியாளரிடம் பேசக் கூசுபவரிடம் ஆண் ஆசிரியர் ஒருவர் பேசலாம்.

லயங்களில் வீடுகள் சிறியன. அண்டை வீட்டின் பேச்சு கேட்கும். ஆகையால் குரலும் இடமும் அறிந்து பேசுதல் வேண்டும். இந்நிலை தொற்றுநோயன்று என்பதையும், அவர் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளவும், கோயிலுக்கும் திருமணத்துக்கும் செல்லவும் தடையில்லை என்பதையும் குடும்பத்தாரிடம் கூறுக. ஒரு சிறு தாளில் நாள்தோறும் எத்தனை துணிகள் நனைந்தன என்று குறித்துவரச் செய்வதும் நல்ல முறை. முதல் வாரத்தில் ஆறாக இருந்தது இரண்டாம் மாதத்தில் இரண்டாகக் குறைந்திருப்பதை அவர் தம் கையெழுத்திலேயே காண்பாராயின், பயிற்சியை விடாமல் தொடர்வார். எண் குறையாமல் நின்றுவிட்டால், அத்தாளையே மருத்துவரிடம் காட்டலாம். அடுத்த சிகிச்சையை முடிவு செய்ய அது அவருக்குப் பயன்படும்.